மூன்றாம் அறைக்கான அறிவிப்பு

அந்தக் கம்பெனியில் யாருக்கு யார் மேல் கோபம் வந்தாலும் முதலில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். "அந்த லாரி ஆபீஸ்காரன் திருட்டுப் பய மேடம், அவனை உண்டு இல்லைன்னு பண்ற மாதிரி ஒரு லெட்டர் போடுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறவருக்கு, "தங்கள் சேவையில் அண்மைக்காலமாக நேரும் சில தாமதங்களைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விழைகிறோம்" என்று எழுதிக் கொடுப்பாள். வந்தவர் அதைப் படித்துத் தன் கோபம் அதில் எங்கே இருக்கிறது என்று தேடுவார். கிடைக்காது. ஆனாலும் பார்க்க கௌரவமாக இருக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். லாரி வழக்கம்போல் தாமதமாக வரும்.

அவளுக்கு மயிலிறகு என்று பட்டப்பெயர். பாராட்டா கேலியா என்று அவள் யோசித்ததில்லை. யோசித்திருந்தாலும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருப்பாள். எழுதுகிற கை அப்படித்தான், தன்னைப் பற்றிய எதையும் நல்லபடியாகவே படிக்கும்.

மீனையும் இறாலையும் உறைய வைத்துக் கப்பலேற்றுகிற கம்பெனி அது. கீழே பேக்கிங் கூடம், அதை ஒட்டி வரிசையாகப் பெரிய உறை அறைகள். மாடியில் ஆபீஸ். எத்தனை ஊதுபத்தி கொளுத்தினாலும் ஃபைல்களில் மீன் வாடைதான் அடிக்கும். அந்த ஆபீஸில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. காகிதம் என்பது வேலை செய்கிறவனுக்காக எழுதப்படுவது அல்ல. சோதிக்க வருகிறவனுக்காக எழுதப்படுவது. வேலை செய்கிறவனுக்கு வாயால் சொன்னால் போதும். சோதிக்க வருகிறவனுக்குத்தான் சுவரில் ஒட்ட வேண்டும், ஃபைலில் கோக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். இந்தச் சட்டத்தை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சேர்ந்த மறுமாதமே தானாகப் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

இந்தச் சட்டம் தெரியாத ஒருவன் அவள் வீட்டிலேயே இருந்தான். அவள் கொழுந்தன். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். மாமனார் இல்லாத வீட்டில் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது, ஸ்கூலில் கையெழுத்துப் போட்டது எல்லாம் அவள்தான். அவனுக்குக் கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படிக்கிற வியாதி. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் துண்டுச்சீட்டைக்கூட விடமாட்டான். படிப்பதோடு விட்டாலும் பரவாயில்லை, படித்தபடியே செய்வான். புதுக் குக்கர் வாங்கியபோது, முதல் தடவை வெறும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைக்கவும் என்று போட்டிருக்கிறது என்று சொல்லி, வீட்டில் எல்லோரையும் பசியோடு உட்கார வைத்தவன். லேபிள் ஒட்டும் பிரிவில் அவனுக்கு அவள்தான் வேலை வாங்கிக் கொடுத்தாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எல்லோரும் அவனை வாத்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணி எழுதுனதுன்னா ஒரு எழுத்துக்கூட சும்மா இருக்காது" என்று அவன் லேபிள் பிரிவில் பெருமையடித்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கம்ப்ரசர் மெக்கானிக் ஒருநாள் காலையில் மாடியேறி வந்தார். கை துடைக்கிற அழுக்குத் துணி தோளில் கிடந்தது. உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார், நாற்காலி அழுக்காகும் என்பார்.

"மேடம், மூணாம் ரூம் கதவு உள்ளேர்ந்து தொறக்கல. உள்பக்கம் ஒரு தள்ளுகம்பி இருக்கும்ல, அது ஒடஞ்சிருச்சு. பார்ட் எழுதிப் போட்டிருக்கேன், எப்ப வருமோ தெரியாது. ஆள் உள்ள இருக்கும்போது கதவு சாத்திக்கிச்சுன்னா அவ்வளவுதான். அந்தக் கனத்துக்கு உள்ளேர்ந்து என்ன கத்துனாலும் வெளிய கேக்காது. மணி ஒண்ணு இருந்துச்சு, அதுவும் செத்துப்போச்சு."

"ஐயையோ. அப்ப என்ன பண்றீங்க?"

"உள்ள போறப்ப கதவிடுக்குல குடுக்க ஒரு கட்டை போட்டு வச்சிருக்கேன். லோடு ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். இருந்தாலும் கொட்டை எழுத்துல ஒண்ணு எழுதி ஒட்டிருங்க. கட்டை இல்லாம யாரும் உள்ள போகக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்."

உண்மையில் அவ்வளவுதான் விஷயம். அவள் அதைத்தான் முதலில் எழுதவும் செய்தாள்: ஆபத்து, மூன்றாம் அறைக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, கட்டை வைக்காமல் உள்ளே போகாதீர்கள். எழுதிப் பார்த்தபோது அவளுக்கே என்னவோபோல் இருந்தது. சண்டைக்காரி பேச்சு மாதிரி மொட்டையாக இருந்தது. இருந்தாலும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

மேனேஜர் நல்ல மனிதர். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். யார் வீட்டில் சுகமில்லை என்றாலும் விசாரிப்பார். சத்தம் போட்டு ஒருத்தரும் கேட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே பயம், எழுத்தில் எதுவும் பாதகமாக இருந்துவிடக் கூடாது என்பது.

"ஆபத்துன்னு எதுக்கும்மா?" என்றார் படித்துவிட்டு. "சரக்கு எடுக்கிறவங்க பார்வையிட வர்றாங்க. கதவுல ஆபத்துன்னு ஒட்டியிருந்தா என்ன நினைப்பாங்க?"

"அந்த வார்த்தைய எடுத்துடலாம் சார்."

"திறக்காதுன்னு போட்டா, ஏன் சரி பண்ணலன்னு கேப்பாங்க."

"திறப்பதில் சிரமம் உள்ளதுன்னு போடலாமா சார்?"

"சிரமம்..." அவர் அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்று பார்த்தார். "அதுவும் குத்தம் சொல்ற மாதிரிதான் இருக்கு. அப்புறம் இந்தக் கட்டை. அத எழுத்துல போடவே கூடாது. கதவத் தொறந்துபோட்டு சரக்கக் கெடுக்கிறோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். அவங்க வந்ததும் மொதல்ல பாக்கறதே ரூம்ல குளிர் நிக்குதான்னுதான்."

"ஆளுங்க பாத்து நடந்துக்கணுமே சார்."

"ஆளுங்களுக்குத்தான் மெக்கானிக் சொல்லிட்டாரே. இது வர்றவங்க பார்வைக்கு. கொஞ்சம் நாசூக்கா எழுதிக் குடும்மா. உனக்குத் தெரியாததா?"

உனக்குத் தெரியாததா என்று கேட்டுவிட்டால் போதும், அவள் விழுந்துவிடுவாள். அங்கேயே, அவர் மேஜை ஓரத்திலேயே, நின்றவாக்கில் எழுதினாள். "மூன்றாம் அறையைப் பயன்படுத்துவோர் கதவைக் கையாளும்போது உரிய கவனம் செலுத்துமாறும், குளிர்நிலையைப் பேணும் பொருட்டுக் கதவைத் திறந்த நிலையில் விடாதிருக்குமாறும் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மேனேஜர் படித்தார். முகம் மலர்ந்தது. "இதான். இதுக்குத்தான் நீ வேணுங்கிறது."

பிற்பாடு அவள் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை மேனேஜர் எழுதவில்லை. இதை எழுதாதே, அதை எழுதாதே என்றார், அவ்வளவே. எழுதியது அவள். எழுதி முடித்தபோது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டு காரியத்தை ஒரே மூச்சில் பட்டும் படாமலும் சொல்லிவிட்டோமே என்கிற சந்தோஷம்.

அறிவிப்பைப் பார்த்துவிட்டு மெக்கானிக் மறுபடி வந்தார். தலையைச் சொறிந்தார்.

"கட்டை எங்க மேடம்?"

"உரிய கவனம்னு போட்டிருக்கேன் பாருங்க. அதுக்குள்ள எல்லாம் அடங்கிடுச்சு."

"எனக்கு அடங்குன மாதிரி தெரியல. பெரியவங்க சொன்னா சரி." படியிறங்கிப் போய்விட்டார். லோடு ஆட்கள் அந்தக் காகிதத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கட்டை தெரியும், கட்டை போதும். கட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள், பெட்டியைத் தூக்குவார்கள், வெளியே வந்த பிறகுதான் கட்டையை எடுத்து வாசலிலேயே போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் வீட்டில் பேசவில்லை. கொழுந்தனுக்கு லேபிள் பிரிவு, உறை அறைப் பக்கம் அவனுக்கு என்ன ஜோலி?

பார்வையிடுகிறவர்கள் வந்த நாளில் கம்பெனியே தலைகீழாகக் கிடந்தது. பேக்கிங் கூடத்தில் நாற்காலி போட்டு, மைக் கட்டி, ஆட்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். மேனேஜர் வரவேற்புரை படித்தார். அவள் எழுதிய உரை. தொழிலாளர் நலனில் கம்பெனி காட்டும் அக்கறை பற்றிய பத்தி வந்தபோது வந்தவர்கள் தலையாட்டினார்கள். பின்வரிசையில் நின்றிருந்த அவளுக்கு வாய் தானாக அசைந்தது, அடுத்த வரி என்னவென்று அவளுக்குத்தானே தெரியும்.

அந்த நேரத்தில்தான் சப்ளை சூப்பர்வைசருக்கு ஞாபகம் வந்தது, வந்தவர்களுக்குக் காட்ட வேண்டிய மாதிரிப் பெட்டி மூன்றாம் அறையிலேயே இருக்கிறது என்று. லோடு ஆட்களெல்லாம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கைக்கு எட்டின தூரத்தில் வாத்தி நின்றான். "ஓடிப் போய் எடுத்துக்கிட்டு வாடா" என்று அனுப்பினார். அரைக்கைச் சட்டையோடு அவன் ஓடினான்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வேறு ஆளை விட்டு முதல் அறையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வரச் சொன்னார். "வாத்தி எங்கயாவது எதையாவது படிச்சிக்கிட்டு நிப்பான்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் காதிலும் அது விழுந்தது. அவனை எந்த அறைக்கு அனுப்பினார்கள் என்று தெரியாமல் அவளும்தான் சிரித்தாள்.

வரவேற்புரை, பொன்னாடை, ஃபோட்டோ, சாப்பாடு. வந்தவர்கள் ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு, அறைகளைப் பார்க்கலாமா என்றார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டு வந்த மெக்கானிக், மூன்றாம் அறைக்கு வந்ததும் நின்றுவிட்டார். கட்டை வழக்கமான இடத்தில் இல்லை. யாரோ அதை எடுத்து, சுவரோரமாக, யார் காலிலும் தட்டாதபடி ஒழுங்காக வைத்திருந்தார்கள். அவர் முகம் செத்துப்போனது. கதவை இழுத்தார்.

அவன் கதவுக்குப் பின்னாலேயே இருந்தான். மாதிரிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து மார்போடு சுற்றிக்கொண்டிருந்தான். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அப்போது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, அன்று பொழுது சாய்வதற்குள் அதுவும் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள் வேலைக்குப் போன முதல் நாளே மேனேஜர் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து அவள் கணவன் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுத மனிதர் அவர். இப்போதும் கண் சிவந்துதான் இருந்தது.

"ரிப்போர்ட் ஒண்ணு அனுப்பணும்மா. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் கேட்டுட்டாரு. உன்கிட்ட கேக்கறதுக்கே எனக்குக் கூசுது. ஆனா வேற யார் எழுதினாலும் எசகுபிசகா ஆயிடும்."

"என்ன எழுதணும் சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அறிவிப்பு முன்கூட்டியே ஒட்டப்பட்டிருந்தது. சம்பந்தப்பட்டவர் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர் இல்ல. கவனக்குறைவா கதவு மூடப்பட்டுடுச்சு. எதிர்பாராத விபத்து. அவ்வளவுதான். யாரையும் குத்தம் சொல்ல வேணாம்."

"அவனைச் சொல்றோமே சார்."

அவர் திரும்பினார். கோபப்படவில்லை. குரலை இன்னும் தாழ்த்தினார். "நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த அறிவிப்பு நீயும் நானும் சேர்ந்து எழுதுனது. கதவு விஷயம் உனக்கு முன்னாடியே தெரியும்னு உன் வீட்டுல தெரியுமா? தெரிஞ்சா உன் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரு? உன் மாமியார்? போனவன் போயிட்டான். இருக்கிற குடும்பத்தைப் பாரும்மா."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. கணவன் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர், பேச்சு குறைவு, அவள் படிப்பின் மேல் மரியாதை வைத்திருப்பவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தம்பி ஓர் அறைக்குள் போனான், கதவு சாத்திக்கொண்டது என்பதுதான். மாமியாருக்கும் அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமியார் கொழுந்தனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்த சட்டைகள்தான். உதறி மறுபடி மடித்தாள்.

"ஏம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள். "மத்தவங்கல்லாம் கதவத் தொறந்து வச்சிட்டுத்தானே போவாங்களாம். துக்கம் கேக்க வந்தவங்க பேசிக்கிட்டாங்க. இவன் மட்டும் ஏன் சாத்தினான்? என் புள்ள என்ன அறிவு கெட்டவனா?"

சுவரோடு சாய்ந்திருந்த கணவன் தலையைத் தூக்கவில்லை. "எல்லாத்தையும் ஒரு எழுத்து விடாம படிக்கிறவன்மா. ஒரு கதவப் பாத்துப் போகத் தெரியாம போயிட்டானே. வெளிய தலகாட்ட முடியல. ஏன் சாத்தினான் ஏன் சாத்தினான்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க."

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. செத்தவன் மேல் அவன் அம்மாவும் அண்ணனுமே பழி போடுகிறார்கள். நாளைக்கு அவள் தன் கையாலேயே அதை எழுதி முத்திரை குத்தி அனுப்பப் போகிறாள். எழுதாவிட்டால் உண்மை வெளியே வந்து குடும்பம் போகும். எழுதினால் அவன் இன்னொரு தடவை சாவான். அந்தப் பாவி நேரே சமையலறைக்குள் போனாள். பாவி என்று அவளைச் சொல்வதற்கு யோசிக்க வேண்டியதில்லை, அவளே அன்று தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

சமையலறைத் திண்டில் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். உள்ளபடி எழுதுவது என்று முடிவு செய்துவிட்டாள். ஆனால் கை கேட்கவில்லை. "கதவின் உள்பக்கக் கம்பி பழுதடைந்திருந்தது முன்னரே அறியப்பட்டிருந்தது" என்று வந்தது. யாரால் அறியப்பட்டிருந்தது? அடித்தாள். "சில சொற்கள் தவிர்க்கப்பட்டன" என்று வந்தது. தவிர்த்தது பக்கத்து வீட்டுக்காரியா? அதையும் அடித்தாள். "துரதிருஷ்டவசமாக" என்று தொடங்கிப் பார்த்தாள். துரதிருஷ்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? காகிதத்தைக் கசக்கிப் போட்டாள். இத்தனை வருஷம் ஊரார் கோபத்தையெல்லாம் பூசி மெழுகிய கைக்கு, நான் என்கிற ஒரு சொல்லை எழுத வரவில்லை. வேறு காகிதம் எடுத்து, கடைசியில் அதை எழுதிவிட்டாள். அந்தச் சொல் வந்த பிறகு மற்றது தானாக வந்துவிட்டது. அரைப் பக்கம்கூட வரவில்லை.

இதை இன்ஸ்பெக்டர் படிப்பதற்கு முன் இவர்கள் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வேறு யார் வாயாலாவது கேட்டால் அது இன்னொரு துரோகம். கூடத்துக்கு வந்து நின்றாள்.

"என்னங்க, ஒண்ணு படிக்கிறேன். அத்தை, நீங்களும் கேளுங்க. முடியற வரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க."

படித்தாள்.

"மூன்றாம் அறைக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. மெக்கானிக் இதை என்னிடம் சொன்னார். கட்டை வைக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று எழுதி ஒட்டச் சொன்னார். அப்படி எழுத வேண்டாம் என்று மேனேஜர் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பதிலாக, கதவைத் திறந்து வைக்காதீர்கள் என்று நான் எழுதினேன். அந்த அறைக்குப் புதிதாகப் போன என் கொழுந்தன் அதைப் படித்தான். நான் எழுதியிருந்தபடியே கட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். அவன் மேல் ஒரு தவறும் இல்லை. தவறு மேனேஜருடையது, என்னுடையது."

மாமியாரின் கையில் சட்டை பாதி மடிப்பில் நின்றது. மாமியார் கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று இவள் பயந்திருந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

"இன்னொரு தடவை படி" என்றார் கணவன்.

மறுபடி படித்தாள். இந்தத் தடவை குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஆனாலும் நிறுத்தாமல் முடித்தாள்.

"எனக்கே புரியுது" என்றாள் மாமியார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "கேட்ட ஒடனே புரியுதே. என் புள்ள அறிவு கெட்டவன் இல்ல."

கணவன் எழுந்து வந்தார். அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். மேலிருந்து கீழே ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்தார், அதன் நீளத்தை அளக்கிறவர் போல. பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"மொதல் வரி மட்டும் போதுமே. அன்னிக்கு இது ஒண்ண எழுதியிருந்தா போதும்தானே?"

"ஆமா" என்றாள்.